முதலில் அறுபடுவது எது?
குருத்தெலும்புச் சிதைவின் தொடக்கநிலையும் நொதிகளும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



முழங்கால் வலி இல்லாத வீடு நம் தெருவில் குறைவு. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறோம், தரையில் உட்கார்ந்து எழ ஒரு ஆள் துணை தேவைப்படுகிறது, எக்ஸ்ரே எடுக்கிறோம். "வயசாச்சு, ஜவ்வு தேய்ஞ்சு போச்சு" என்ற பதிலோடு வீடு திரும்புகிறோம். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையை எதிர்த்துத்தான். உராய்ந்து உராய்ந்து தானாகக் கரைந்துபோவது அல்ல இந்த நோய். குருத்தெலும்புக்குள் வாழும் செல்களே நொதிகளைச் சுரந்து, தம்மைச் சுற்றியுள்ள புரதங்களைக் குறித்த இடத்தில் வெட்டுகின்றன. அந்த வெட்டுகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வரிசையின் முதல் பாதியில் நோயைத் திருப்ப முடியும். இரண்டாம் பாதியில் திருப்புவது மிக மிகக் கடினம். நாமோ இரண்டாம் பாதியும் முடியும் தறுவாயில்தான் எக்ஸ்ரே எடுக்கிறோம்.

ஒரு முயலிலிருந்து தொடங்குகிறேன். ஆட்டுக்கறி வேக மறுத்தால் பப்பாளிக்காயில் ஒரு துண்டைப் போடும் பழக்கம் நம் சமையலறைகளில் உண்டு. அந்தக் காயின் பாலில் இருக்கும் பப்பைன் என்ற நொதி புரதத்தை அறுக்கும். அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் வேறொரு ஆய்வுக்காகப் பப்பைனை முயல்களின் இரத்தக்குழாயில் செலுத்தினார். சில மணி நேரத்தில் விறைத்து நின்ற காதுகள் சரியத் தொடங்கின. பிறகு இரண்டு பக்கமும் துவண்டு தொங்கின. சில நாட்களில் அவை மறுபடியும் நிமிர்ந்து நின்றன. முயல் எப்போதும்போல் தின்றது, ஓடியது.

தாமஸ் காதுத் திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். அப்போது அவர் கவனம் இணைப்புத் திசுவிலும் இரத்தக்குழாய்களிலும்தான் இருந்தது. குருத்தெலும்பைப் பார்வையிட்டும் பொருட்படுத்தவில்லை. அது செயலற்ற, சுவாரசியமற்ற திசு என்பது அன்றைய பொதுக் கருத்து. காரணம் பிடிபடாமல் விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பப்பைன் ஏற்றிய முயலின் காதையும் ஏற்றாத முயலின் காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு கண்ணில் பட்டது. செல்கள் இருந்தன. செல்களுக்கு இடையே நிரம்பியிருக்க வேண்டிய பொருள் காணாமல் போயிருந்தது. 1956இல் அதை வெளியிட்டார். இதே துவண்ட காதை வேறோர் ஆய்வாளரும் பார்த்திருந்தார்; அவர் அதைத் தொடரவில்லை. குருத்தெலும்பு உயிரற்ற ஓர் உறை என்ற எண்ணம் எத்தனை வலுவாக இருந்தது என்பதற்கு இந்த வரலாறு ஒன்றே போதும். அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

முயலின் காதில் போனது என்ன, போகாமல் இருந்தது என்ன? இதற்கு விடை சொல்லக் குருத்தெலும்பின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் முழங்காலில் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். அதில் இரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, நிணநீர்க்குழாய் இல்லை. எடையில் முக்கால் பங்கை ஒட்டி நீர். செல்கள் பருமனில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில், ஒன்றுக்கொன்று தொடாமல், தனித்தனியே குழிகளில் வாழ்கின்றன. மீதி எல்லாம் அந்தச் செல்கள் கட்டி எழுப்பிய பொருள். அதில் இரண்டு புரதங்கள் முக்கியமானவை: இரண்டாம் வகைக் கொலாஜன், அக்ரிகன்.

இலவம்பஞ்சைத் திணித்துத் தைத்த தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு விரியப் பார்க்கிறது, துணி அதை அடக்கி வைக்கிறது. அந்த இழுபறியில்தான் தலையணை விறைப்பாக நிற்கிறது. அக்ரிகன் பஞ்சு. கொலாஜன் வலை துணி. அக்ரிகனின் நடுத்தண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. அவை எதிர்மின்னேற்றம் கொண்டவை. சோடியத்தையும் அதன் பின்னே நீரையும் இழுத்து வைத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு எவ்வளவு பளு தாங்கும்? 1986இல் பாஸ்டனில், உணர்கருவிகள் பதித்த உலோகத் தலையை ஒரு நோயாளியின் இடுப்பு மூட்டில் பொருத்தி அளந்தார்கள். நாற்காலியிலிருந்து எழும் அந்த நொடியில் குருத்தெலும்பின் மேல் விழுந்த அழுத்தம் 18 மெகாபாஸ்கல், ஏறக்குறைய 180 வளிமண்டல அழுத்தம். எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் நாம் கவனிக்காமலே அதைத் தாங்குகிறோம்.

பப்பைன் அக்ரிகனை அறுத்தது. கொலாஜன் வலை அப்படியே இருந்தது. செல்கள் புதிதாக அக்ரிகனைச் செய்து நிரப்பின, காது நிமிர்ந்தது. என் வாதத்தின் சாரம் இந்த முயலிலேயே இருக்கிறது.

எங்கள் துறையில் முதுகலை மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் சாயங்களில் சஃப்ரனின்-ஓ ஒன்று. அக்ரிகன் இருக்கும் இடமெல்லாம் சிவக்கும். நலமான குருத்தெலும்பின் மெல்லிய சீவலில் ஆழப்பகுதி முழுவதும் நல்ல செங்காவி நிறம், மேற்பரப்பை ஒட்டி மட்டும் இயல்பாகவே சற்று வெளிறல். தொடக்கநிலை நோயில் அந்த வெளிறல் மேலிருந்து கீழே இறங்குகிறது. மேற்பரப்பு இன்னும் வழுவழுப்பாகவே இருக்கும், தடிமன் குறைந்திருக்காது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, நோயாளிக்கு வலியும் இருக்காது, ஏனெனில் அங்கே நரம்பே இல்லை. சிவப்பு மட்டும் போய்விட்டிருக்கும். சீவலை ஒளியில் தூக்கிப் பிடித்தால் வெறுங்கண்ணுக்கே அது தெரியும். எந்த உராய்வும் மேற்பரப்பைக் கெடுக்காமல் உள்ளிருக்கும் பொருளை மட்டும் எடுத்துப்போக முடியாது. அது நொதியின் வேலை.

எந்த நொதி? 1991இல் ஜான் சாண்டியும் அவர் குழுவினரும் கன்றின் குருத்தெலும்பை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, அதிலிருந்து வெளியேறும் அக்ரிகன் துண்டுகளின் முனை அமினோ அமிலங்களை வரிசைப்படுத்திப் படித்தார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது 341ஆம் அமினோ அமிலத்துக்கும் 342ஆவதுக்கும் இடையே வெட்டு. மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டியேஸ் எனப்படும் துத்தநாக நொதிகள், சுருக்கமாக எம்எம்பி, அங்கேதான் வெட்டும். கிடைத்ததோ 373க்கும் 374க்கும் நடுவில், குளுட்டாமிக் அமிலத்தை அடுத்து. அடுத்த ஆண்டே நோயாளிகளின் முழங்கால் நீரிலும் அதே 374ஆவதில் தொடங்கும் துண்டுகள் கிடைத்தன. வெட்டின் தடயம் கையில் இருக்கிறது, வெட்டியவர் யாரென்று தெரியவில்லை. பெயர் மட்டும் வைத்தார்கள்: அக்ரிகனேஸ். எட்டு ஆண்டுகள் கழித்து, 1999இல், டூபாண்ட் ஆய்வகத்தில் டார்டரெல்லா குழுவினர் மாட்டின் மூக்குக் குருத்தெலும்பிலிருந்து அந்த நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அடாம்டிஎஸ்-4 என்று இன்று அழைக்கிறோம். அதே ஆண்டில் அதன் உடன்பிறப்பு அடாம்டிஎஸ்-5 வந்தது.

இரண்டில் எது குற்றவாளி என்பதை எலிகள் சொல்லின. 2005இல் நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இரு குழுக்களின் கட்டுரைகள் வந்தன. ஒன்று அமெரிக்காவின் வைத் நிறுவனத்திலிருந்து, மற்றொன்று மெல்போர்னிலிருந்து. அடாம்டிஎஸ்-5 செயலிழந்த எலிகளின் குருத்தெலும்பு பெருமளவு காப்பாற்றப்பட்டது. அடாம்டிஎஸ்-4ஐ மட்டும் நீக்கிய எலிகளுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை.

341க்கும் 373க்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரு வகை நொதிகளும் ஒரே அக்ரிகனை வெட்டினால் நடுவே சரியாக 32 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டு உதிரும். அது வெறும் குப்பை அல்ல. செல்களின் மேலிருக்கும் டிஎல்ஆர்-2 என்ற ஏற்பியை அது தட்டி எழுப்புகிறது என்று மெல்போர்ன் குழு 2015இல் காட்டியது; அதே துண்டு வலி நரம்புகளையும் தூண்டுகிறது என்று சிகாகோவிலிருந்து 2018இல் ஆய்வு வந்தது. நரம்பே இல்லாத திசு நொந்துபோகும்போது வலி எப்படி வருகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். நரம்புள்ள மூட்டுச்சவ்வுக்கும் எலும்புக்கும் செய்தி கொண்டுபோவதில் இந்தத் துண்டுக்கும் பங்கு உண்டு. ஒரு வெட்டின் விளைபொருளே அடுத்த வெட்டுக்குத் தூண்டுகோலாகிறது என்பதுதான் இதில் எனக்குக் கவலை தரும் செய்தி.

இனி துணிக்கு வருவோம். கொலாஜன் எளிதில் அறுபடாது. ஏன் என்பதற்கு விடை சொன்னது இதே சென்னைதான். 1952இல் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத கணக்கு என்று ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் படமெடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூன்று இழைகள் சேர்ந்த வடிவத்தை முன்வைத்து, அடுத்த ஆண்டில் அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டவை என்று திருத்தினார்கள். ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின். மிகச் சிறிய அமினோ அமிலமான அதுதான் முறுக்கின் உட்பக்கத்தில் அடங்கும். இந்த முறுக்கு இறுகி இருக்கும்வரை பெப்சின், டிரிப்சின் போன்ற சாதாரணச் செரிமான நொதிகளுக்கு அறுக்க இடமே கிடைக்காது.

ஆனால் தவளை தன் வாலை இழக்கிறதே? தலைப்பிரட்டையின் வாலில் கொலாஜன் நிறைய இருக்கிறது. தவளையாகும்போது அது முழுவதும் மறைகிறது. 1962இல் பாஸ்டனில் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியேரும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். தட்டில் பால்போல் வெண்மையாக உறைந்த கொலாஜன் கூழைப் பரப்பி, அதன் மேல் வால் துடுப்பின் சிறு துண்டுகளை உயிரோடு வைத்தார்கள். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கூழ் கரைந்து தெளிந்த வட்டம் விழுந்தது. முதுகெலும்புள்ள விலங்கிலிருந்து கொலாஜனேஸ் நொதி இப்படித்தான் முதன்முதல் கைக்கு வந்தது. அது கொலாஜனை ஓரிடத்தில்தான் வெட்டும்: நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி. வெட்டுப்பட்ட இரு துண்டுகளும் உடல் வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். பிறகு மற்ற நொதிகள் தாராளமாகத் தின்னும்.

நம் குருத்தெலும்பில் அந்த வேலையைச் செய்வதில் முதன்மையானது எம்எம்பி-13. 1994இல் ஸ்பெயினின் ஓவியேடோவில் மார்பகப் புற்றுக்கட்டியிலிருந்து அடையாளம் காணப்பட்ட நொதி இது. இரண்டாம் வகைக் கொலாஜனை வெட்டுவதில் இதன் திறன் பெரிது. குழந்தையின் எலும்பு நீள வேண்டுமானால் வளர்தட்டில் இருக்கும் குருத்தெலும்பைப் பிரித்து எலும்புக்கு வழிவிட வேண்டும். அதற்கு இந்த நொதி தேவை. வளர்ந்தவரின் மூட்டுச் செல்கள் நோயின்போது அந்தப் பால்ய வேலையை மறுபடி கையில் எடுக்கின்றன. நோய் எங்கிருந்தோ வந்த பகைவன் அல்ல, காலம் தவறி நடக்கும் வளர்ச்சி என்றே நான் கருதுகிறேன்.

வரிசை பற்றிச் சொன்னேன். அதற்குச் சான்று வேண்டுமல்லவா? எம்எம்பி-13 நீக்கிய எலிகளின் முழங்காலை அறுவையால் நிலைகுலையச் செய்து 2009இல் பார்த்தார்கள். அக்ரிகன் எப்போதும்போல் போனது. ஆனால் குருத்தெலும்பு அரிக்கப்படவில்லை. பஞ்சு போயும் துணி தப்பியது. மாட்டுக் குருத்தெலும்புத் துண்டுகளில் 2008இல் நடந்த சோதனை இன்னும் நேரடியானது. அக்ரிகனேஸ் மட்டும் வேலை செய்த கட்டத்தில், நொதிகளைச் சுரக்கவைத்த தூண்டுதலை நிறுத்தினால் செல்கள் இழந்ததை மீட்டன. எம்எம்பி நொதிகள் கொலாஜனைத் தொட்ட பின் நிறுத்தினால் மீட்சி இல்லை.

மனிதரில்? 1955 முதல் 1963 வரை வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன்-14 திடீரென ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. அந்தந்த ஆண்டில் உடலில் உருவான புரதம் அந்தந்த ஆண்டின் கார்பனைத் தாங்கியிருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பில் இதை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். கொலாஜனில் இருந்தது அவரவர் வளரிளம் பருவத்துக் கார்பன். அதன்பின் வாழ்நாள் முழுவதும் புதிது ஏறவே இல்லை. நோயுற்ற மூட்டிலும் இல்லை. சர்க்கரைச் சங்கிலிகளோ வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. ஐம்பது வயதில் நீங்கள் நடப்பது பதினெட்டு வயதுக்குள் நெய்து முடித்த கொலாஜனின் மேல்.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில், முற்றிய நோயுள்ள முழங்கால்களின் இரு எலும்புகளுக்கும் வெளியே சட்டம் பொருத்தி 5 மில்லிமீட்டர் விலக்கிச் சில வாரங்கள் வைத்தார்கள். ஓராண்டு கழித்து எம்.ஆர்.ஐ. படத்தில் குருத்தெலும்பு தடித்திருந்தது. அது பழைய தரத்துக்கு ஈடானதுதானா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பளு அகன்றால் அந்தச் செல்கள் கட்டத் தொடங்குகின்றன என்பதே பெரிய செய்தி. செல்களுக்கு ஆணை கொடுப்பது பளுதான். பிரிட்டனின் கென்னடி நிறுவனத்தில் டோனியா வின்சென்ட் குழுவினர் 2012இல் காட்டியதும் அதுவே: முழங்கால் நிலைகுலைந்த எலியை அசையாமல் வைத்தால் அடாம்டிஎஸ்-5 உள்ளிட்ட நொதிகளின் மரபணுக்கள் எழும்பவில்லை, நோயும் வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் கட்டிலில் படுத்துவிட வேண்டாம். நல்ல மூட்டைக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்த நாய்களில் அக்ரிகன் குறைந்தது. கட்டை அவிழ்த்து நடக்கவிட்டதும் திரும்பியது. இது 1979லேயே தெரிந்த உண்மை. குருத்தெலும்புக்கு நடை வேண்டும். கோணல் பளுதான் கேடு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்திருக்கிறார்கள். தொடைத் தசைப் பயிற்சியையும் எடைக் குறைப்பையும் மருத்துவர்கள் கடைசி வரியில் எழுதுகிறார்கள். என் கணக்கில் அவை நொதியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள். முதல் வரியில் வர வேண்டியவை.

மாத்திரைகளைப் பற்றிக் கேட்பீர்கள். குளுக்கோசமினும் காண்ட்ராய்ட்டினும் 1,583 பேரிடம் சோதிக்கப்பட்டு 2006இல் முடிவு வந்தது. மொத்தக் குழுவில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. கொலாஜன் பொடியைக் குடித்தால் குடலில் அது துண்டுகளாகும். அந்த வலையில் போய் நெய்யப்படாது. அதற்குச் செலவிடும் பணம் மனத்தை உறுத்துகிறது.

நொதியை நேரே தடுக்கும் மருந்துகள் தோற்றது வருத்தமான கதை. எம்எம்பி குடும்பத்தையே மொத்தமாகத் தடுத்த முதல் தலைமுறை மருந்துகள் தோளிலும் கையிலும் வலியையும் விறைப்பையும் கொடுத்தன. மூட்டைக் காக்கப் போய் மூட்டையே இறுக்கின. பிறகு அடாம்டிஎஸ்-5ஐக் குறிவைத்த மாத்திரை ஒன்று 932 பேரிடம் 52 வாரங்கள் சோதிக்கப்பட்டது. குருத்தெலும்பு மெலிவதை அது தடுக்கவில்லை. 2020இல் இந்தச் செய்தி வந்தபோது, அக்ரிகனேஸ் கோட்பாடே முடிந்தது என்று பலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் எக்ஸ்ரேயில் நோய் தெளிவாகத் தெரிந்தவர்கள். முதல் பாதிக்கான மருந்தை இரண்டாம் பாதியில் கொடுத்தோம். துணி கிழிந்த பின் பஞ்சைக் காத்து என்ன பயன்?

அப்படியானால் முதல் பாதியில் இருப்பவர்களை எங்கே தேடுவது? அவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள். கபடித் திடலிலோ இருசக்கர வாகன விபத்திலோ முழங்காலுக்குள் தசைநார் கிழிந்து வரும் இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள். முன் சிலுவைத் தசைநார் அறுந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து இருபது ஆண்டுகளில் இந்த நோய் வருகிறது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டெஃபான் லோமாண்டர் அடிபட்ட முழங்கால்களின் நீரை எடுத்து ஆராய்ந்தார். அடிபட்ட சில நாட்களுக்குள்ளேயே அக்ரிகன் துண்டுகள் அங்கே உயர்ந்திருந்தன. பல ஆண்டுகள் அந்த உயர்வு நீடித்தது. நோய் தொடங்கிய நாள், மணி எல்லாம் தெரிந்த நோயாளிகள் இவர்கள். தசைநாரைத் தைத்து, நடக்க வைத்து, அனுப்பிவிடுகிறோம். உள்ளே வெட்டு தொடர்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்த அவையில் எலும்பு அறுவை மருத்துவர்கள் பலர் இருக்கிறீர்கள். அடிபட்டு வீங்கிய முழங்காலிலிருந்து ஊசியால் இரத்தம் கலந்த நீரை நீங்கள் வாரந்தோறும் எடுக்கிறீர்கள். அது கழிவுக் கலனுக்குப் போகிறது. நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்று, அதில் சில மில்லிலிட்டரைச் சுழற்றித் தெளியவைத்து, மைனஸ் 80 டிகிரியில் எங்களுக்காக வைத்துவிடுங்கள். 374ஆம் அமினோ அமிலத்தில் தொடங்கும் துண்டை இனங்காணும் எதிர்ப்புரதங்கள் உலகில் இருக்கின்றன, வாங்கி அளக்கலாம். அதே பிள்ளை ஆறு மாதம் கழித்து, இரண்டு ஆண்டு கழித்து வரும்போது மறுபடி அளக்கலாம். யாருக்கு வெட்டு தானாக நின்றுவிட்டது, யாருக்கு நிற்கவில்லை என்று பிரித்தறிந்தால், கைவிடப்பட்ட மருந்துகளை யாரிடம் மறுபடி சோதிப்பது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் துறையில் உறைகலனில் இடம் இருக்கிறது. உங்கள் மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும், பனிக்கட்டிப் பெட்டியோடு என் மாணவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.